மாடு அதன் வீட்டுக்குப் போயிற்று

அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள்:

என் நைனா. தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். அவரை வேறு இடத்தில் பார்ப்பது கஷ்டம்.

என் அம்மா. அடுப்படியில்.

என் தம்பி துரைசாமி. திருப்பதிக் காலேஜில் இண்டர் படித்துக்கொண்டிருந்தான்.

திருப்பதியிலிருந்து வந்த வார்டன்.

அவரோடு வந்த கமிட்டிக்காரர். வெயிலில் கோட்டுப் போட்டிருந்தார்.

பக்கத்து வீட்டு அலமேலு அத்தை. இவளை யாரும் கூப்பிடவில்லை.

வாசலில் ஒரு மாடு.

அப்புறம் நான், பாக்கியம். நீலப் பட்டுச் சேலையில். நான் இல்லாமல் இருந்திருக்கலாம்.

தம்பி படித்த இலவச விடுதிக்கு இந்த வருஷம் மலர் போடுகிறார்கள். அங்கே சாப்பிட்டுப் படித்தவர்கள் எழுதலாமாம். தம்பி எழுதினான். என்னிடம் படித்துக் காட்டினான். விடுதியின் சேவை இருந்தது. வார்டனின் கருணை இருந்தது. கமிட்டியின் தொண்டு இருந்தது. மாடு இல்லை.

"மாடு எங்கடா?" என்றேன்.

"அதெல்லாம் மலர்ல போடக் கூடாதுக்கா."

அதனால் நான் எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்பு வரைதான். எழுத்து கோணல். அச்சில் ஏறினால் நேராகிவிடும் என்றார்கள்.

நான் அதிகம் பேசாதவள் என்று எனக்கு ஒரு பேர் உண்டு. அது பின்னால் வந்த பேர். பத்தொன்பது வயதில் நான் அப்படி இல்லை. (பேச வேண்டியதையெல்லாம் அந்த ஒரே நாளில் பேசித் தீர்த்துவிட்டேன்.)

எங்களுக்கு ஊர் நகரி. தொழில் நெசவு. நைனா நெய்வார். அம்மா பாவு நூலை இழைக்கு இழை முடிந்து புணைப்பாள். நான் ராட்டையில் ஊடை நூலைத் தார் சுற்றுவேன். தம்பி படிப்பான். வீட்டில் ஒருவன் படித்தால் போதும் என்று நாங்கள் முடிவெடுக்கவில்லை. அவனுக்குப் படிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. சண்டை இல்லாமல் முடிந்தது.

எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தான். பெரிய வாத்தியார் நடையாய் நடந்து காலேஜில் கட்ட வேண்டிய சம்பளத்தில் பாதிச் சலுகை வாங்கிக் கொடுத்தார். மேல் வகுப்புப் பையன் ஒருவன் தன் பழைய புத்தகங்களைக் கொடுத்தான். திருப்பதி நூல் கடைக்காரர் ஒருவர் கடை மாடியில் படுத்துக்கொள்ளச் சொன்னார். இப்படி ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கித்தான் அவனைக் காலேஜுக்குள் போட்டார்கள்.

மிச்சம் இருந்தது சோறு. அதற்கு வாரச் சாப்பாடு. அந்தக் காலத்தில் இல்லாத வீட்டுப் பையன்கள் திருப்பதியில் அப்படித்தான் படித்தார்கள். கிழமைக்கு ஒரு வீடு. திங்கள் என்றால் இந்த வீடு, புதன் என்றால் அந்த வீடு. அந்தந்தக் கிழமையில் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் இலை போடுவார்கள். நல்லவர்கள். முகம் சுளிக்க மாட்டார்கள்.

தம்பிக்கு ஐந்து வீடுகள் கிடைத்தன. செவ்வாயும் சனியும் என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"வெரதம்க்கா" என்றான்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெரு முழுக்கச் சொன்னேன். "எங்க தொரை பக்திமானா ஆயிட்டான். வாரத்துல ரெண்டு நாளு பச்சைத் தண்ணிதான்." கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். லீவில் வந்தால் விரதம் இருக்க மாட்டான். சட்டியைக் கழுவ வேண்டாத அளவுக்குத் துடைத்துத் தின்பான். ஊருக்கு வந்தால் சாமி கணக்கில் எடுத்துக்கொள்ளாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். (மூன்றாம் வகுப்பு என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.)

காலேஜ் பக்கத்தில் அந்த இலவச விடுதி இருந்தது. பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து நடத்தினார்கள். சோறு, படுக்க இடம், படிக்க விளக்கு, சாயங்காலம் கணக்கும் இங்கிலீஷும் சொல்லித்தர ஒரு வாத்தியார். எல்லாம் சும்மா. நடு வருஷத்தில் ஒரு இடம் காலியாயிற்று. தம்பி போய்க் கேட்டான்.

முந்தின வருஷம் ஒரு மாந்தோப்புக்காரர் மகன் கிழிந்த சட்டையோடு வந்து ஏழை என்று சொல்லிச் சேர்ந்துவிட்டானாம். அதிலிருந்து வீட்டை நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பது என்று கமிட்டி முடிவெடுத்திருந்தது. வீட்டில் ஒன்றும் இல்லாவிட்டால் இடம் உண்டு. ஏதாவது இருந்தால் இல்லை.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்தது, நூல் மூட்டை கொண்டுவந்த வண்டிக்காரர் வாசலில் நின்று கத்திய ஒரே வரிதான்.

"பாக்கியம்! உன் தம்பி சொல்லச் சொன்னான். ஞாயித்துக்கெழமை திருப்பதிலேர்ந்து ரெண்டு பேரு வூட்டைப் பாக்க வராங்களாம்! ஆஸ்டல்காரங்க!"

கத்திவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். ஆஸ்டல்காரங்க என்ற கடைசிச் சொல் எனக்கு மட்டும்தான் கேட்டது. அதற்கு முந்தினது அலமேலு அத்தைக்கும் கேட்டது.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் அது தெருவின் காரியம். வீட்டுக்கு ஒரு சாமான் வரும். கேட்க வேண்டியதில்லை. வந்தவர்கள் போகும்வரை கொடுத்தவர்கள் அதைத் தங்களுடையது என்று வாய் திறக்க மாட்டார்கள். யாராவது கேட்டால், அவங்களுதுதான் என்று சாதிக்க வேண்டும். இன்றைக்கு உன் பெண், நாளைக்கு என் பெண். எங்கள் தெருவில் அரைவாசிக் கல்யாணம் ஒரே குத்துவிளக்கைக் காட்டி முடிந்தது.

அத்தை சாயங்காலமே வந்தாள். இடுப்பில் பித்தளை அண்டா.

"எப்ப வராங்க?"

"ஞாயித்துக்கெழமை. ஆனா அத்தே, இது தொரை விஷயமா..."

"சரி சரி. வாயால சொல்லாதே. கண்ணு படும்."

"இல்ல அத்தே, காலேஜு..."

"மாப்பிள்ளை காலேஜு படிச்சவனா?"

மூன்று தரம் சொன்னேன். மூன்று தரமும் கண்ணைச் சிமிட்டினாள். நான்காவது தரம் சொல்ல வாயைத் திறந்தபோது நீலப் பட்டுச் சேலையை எடுத்து மடியில் வைத்தாள். அதற்கு மேல் நான் சொல்லவில்லை. (அந்த நீலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.)

அம்மாவிடம் மட்டும் கேட்டேன். "யம்மா, ஆஸ்டல்காரங்கதானே வராங்க. இதெல்லாம் எதுக்கு?"

"யாரா இருந்தா இன்னா? வூட்டைப் பாக்க வராங்க இல்ல? பாக்க வூடுன்னு ஒண்ணு வேணாமா?"

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஒன்றும் இல்லாத வீட்டுப் பையனை எவன் சேர்த்துக்கொள்வான்? நல்ல குடும்பம் என்று தெரிந்தால்தானே சோறு போடுவான்? இதுதான் என் கணக்கு. இறங்கி வேலை செய்தேன்.

எங்களுக்கு நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்யச் சொல்லும் மேஸ்திரி வீட்டிலிருந்து இரண்டு நாற்காலிகள் வந்தன. கடைக்காரர் வீட்டிலிருந்து சுவர்க் கடிகாரம் வந்தது. அது மணிக்கு மணி அடிக்காது. தோன்றினால் அடிக்கும். எதிர் வீட்டிலிருந்து வெள்ளி டம்ளர்கள். கோடி வீட்டிலிருந்து குத்துவிளக்கு. பித்தளை அண்டாக்களும் தவலைகளும் கூடத்தை அடைத்துக்கொண்டன. அரிசிப் பானை காலியாக இருந்தது. அதில் கழிவு நூலை அமுக்கித் திணித்து, மேலே அத்தை கொடுத்த அரிசியைப் பரப்பினேன். அது என் சொந்த யோசனை. யாரும் சொல்லித்தரவில்லை.

கடைசியாக மாடு. பால்காரர் கோயிந்தனுடையது. வாசலில் பசு நின்றால் லட்சணம் என்று அத்தைதான் இழுத்துக்கொண்டு வந்தாள். கன்று தெருக்கோடியில் கோயிந்தன் வீட்டிலேயே இருந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை.

நைனா எல்லாவற்றையும் தறியிலிருந்து பார்த்தார். கடிகாரம் அடித்தபோது மட்டும் ஒரு தரம் நிமிர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரயிலில் வந்தார்கள். ஸ்டேஷனிலிருந்து நடை. முன்னால் தம்பி வந்தான். எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தான். தோரணத்தைப் பார்த்தான். மாட்டைப் பார்த்தான். என்னையும் பார்த்தான். பிறகு நடந்து அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றான்.

"தொரை! இங்கடா!" என்று கூப்பிட்டேன்.

திரும்பி வந்தான். முகம் வெளுத்திருந்தது. "யக்கா, இன்னா இது?" என்றான் வாய்க்குள்.

"வூடு" என்றேன்.

வார்டன் பாகாலா ஊர்க்காரர். தமிழும் தெலுங்கும் பேசுவார். மெலிந்த மனிதர். கமிட்டிக்காரர் தெலுங்குதான். எங்களுக்கும் தெலுங்கு வரும், அந்த ஊரில் வராமல் முடியாது. அவர் பேசியதையும் நான் தமிழிலேயே எழுதுகிறேன்.

இருவரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வெள்ளி டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். அம்மா கேசரி வைத்தாள். நெய் ஒழுகியது. (நெய்யும் எதிர் வீடுதான்.) வார்டன் கேசரியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். கமிட்டிக்காரர் சந்தோஷமாக இருந்தார். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவர் சந்தோஷம் அது. எனக்கு அது தெரியவில்லை. கேசரி பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

"கடிகாரம்" என்றார்.

"ஆமாங்க."

"வெள்ளி டம்ளர். பித்தளை அண்டா. வாசலில் பசு."

"ஆமாங்க."

"பாகுந்தி" என்றார். நன்றாக இருக்கிறதாம்.

புகழ்கிறார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. "உள்ளயும் கீது. வந்து பாருங்க" என்றேன்.

தம்பி என் முந்தானையைப் பிடித்து இழுத்தான். தட்டிவிட்டேன். அடுப்படிக்குக் கூட்டிப்போய் அரிசிப் பானையைத் திறந்து காட்டினேன். கழுத்து வரைக்கும் வெள்ளை வெளேர் என்று அரிசி.

"வருஷம் பூரா இப்படித்தானா?" என்றார் கமிட்டிக்காரர்.

"கொறையவே கொறையாதுங்க" என்றேன்.

அந்த நேரம் பார்த்துக் கடிகாரம் அடித்தது. பதினொன்று அடித்தது. மணி மூன்றரை.

தம்பி என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனான். கிணற்றடியில் நிறுத்தினான்.

"யக்கா. அவங்க இன்னா பாக்க வந்திருக்காங்க தெரியுமா?"

"வூட்டை."

"ஏழை வூடான்னு பாக்க வந்திருக்காங்க. ஏழையா இருந்தாத்தான் ஆஸ்டலு. ஏழைங்களுக்குத்தான் அங்க சோறு."

நான் சேலையைப் பார்த்தேன். நீலம்.

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"இன்னான்னு சொல்லுவேன்? ஏழையா இருங்கன்னு சொல்லி அனுப்பணுமா? நாம அப்படித்தானே கீறோம்! வூட்டைப் பாக்க வராங்கன்னா வூட்டைக் காட்டுவியா, தெருவையே காட்டுவியா?"

எனக்குக் கோபம் வந்தது. தப்பு என் பேரில் இருந்தால் எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். "இன்னாடா இப்ப? ஆஸ்டல் இல்லன்னா வாரச் சாப்பாடு கீது. அஞ்சு வூடு கீது. மீதி ரெண்டு நாளு வெரதம்."

அவன் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தான்.

"வெரதம் இல்லக்கா" என்றான். "வூடு கெடைக்கலே."

நான் கிணற்றுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"செவ்வாக்கெழமை தாங்கிக்குவேன். சனிக்கெழமை படிச்சா எழுத்து ஆடுது. பரிச்சை சனிக்கெழமை வந்தா நான் அவுட்டு. இந்த எடம் கெடைக்கலேன்னா வந்துடறேன்க்கா. தறியில உக்காந்துக்கறேன்."

அவன் அழவில்லை. எங்கள் வீட்டில் அழுகிற பழக்கம் குறைவு. நான் வாளியை எடுத்து, தண்ணீர் இறைத்து, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். அந்த ஒரு நிமிஷத்தில் தீர்மானம் செய்துவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுவது. அவ்வளவுதானே.

அவ்வளவு இல்லை. உள்ளே அலமேலு அத்தை வந்திருந்தாள்.

அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை. பின் கொண்டையில் பூ வைத்துக்கொண்டு வந்து, வார்டன் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு தங்கமுங்க. உக்காந்தா எழுந்திரிக்காம தாரு சுத்தும். எதுத்து ஒரு வார்த்தை பேசாது. கொஞ்சம் கறுப்புதான். ஆனா களை கீது."

வார்டன் விழித்தார். "நாங்க பெண்ணைப் பார்க்க வரலீங்களே அம்மா. பையனைப் பார்க்கத்தான் வந்தோம்."

அத்தை திரும்பித் தம்பியைப் பார்த்தாள். மேலும் கீழும் பார்த்தாள்.

"மாப்பிள்ளை பாக்கவா வந்தீங்க? அய்ய! பையனுக்கு மீசையே வரலியே!"

நான் நடுவில் போய் நின்றேன். "ஐயா, நான் ஒண்ணு சொல்லணும். இதெல்லாம் எங்களுது இல்ல. இரவல். அண்டா, டம்ளரு, கடியாரம், நீங்க உக்காந்திருக்கற நாக்காலி, எல்லாம் இரவல்."

கமிட்டிக்காரர் சிரித்தார். "பையன் வெளியே கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுத்தான் பார்த்தீர்களா" என்றார் வார்டனிடம்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. தெருவின் மானம் அவள் கையில் இருந்தது. "ஏண்டி பொய் சொல்றே? வெக்கத்துல பேசுதுங்க. எல்லாம் அவங்களுதுதான். இந்த அண்டா இவங்க பாட்டன் காலத்து அண்டா!"

"அத்தே, சும்மா இரு!"

"நான் ஏன் சும்மா இருக்கணும்? சாமி சத்தியமா அவங்களுதுதாங்க!"

என் ஆயுளில் நான் உண்மை பேசி யாரும் நம்பாத நாள் அது ஒன்றுதான். அதுவரை பேசிய பொய்யையெல்லாம் நம்பினார்கள்.

ஓடிப்போய் அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் கவிழ்த்தேன். அரிசி கொஞ்சம் சிதறியது. பிறகு கழிவு நூல் விழுந்தது. சிக்கும் சிடுக்குமாக விழுந்துகொண்டே இருந்தது.

"பாத்தீங்களா? இதுதான் எங்க அரிசி" என்றேன்.

அத்தை தரையில் உட்கார்ந்து அரிசியைப் பொறுக்கித் தன் மடியில் கட்டிக்கொண்டாள். "அவங்க அரிசிதாங்க" என்று சொல்லிக்கொண்டே கட்டிக்கொண்டாள்.

கமிட்டிக்காரர் குழம்பிவிட்டார். நெற்றியைத் துடைத்தார். எழுந்து போய் அண்டாவைத் தடவிப் பார்த்தார். கழுத்தில் எழுத்து வெட்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் பாத்திரம் வாங்கினால் வீட்டு ஆண்பிள்ளை பேரை வெட்டித்தான் வாங்குவார்கள். தமிழ் எழுத்து. அவருக்குப் படிக்கத் தெரியாது.

"இது யார் பேர்?" என்றார் தம்பியிடம்.

தம்பி படித்தான். வாயைத் திறக்கவில்லை. அவனும் அந்தத் தெருவில் பிறந்தவன்தானே.

"சரி, நீங்கள் சொல்லுங்கள் அம்மா" என்று அத்தையிடம் திரும்பினார். "இவர்கள் பாட்டன் காலத்து அண்டா என்று சத்தியம் செய்தீர்களே. அந்தப் பாட்டன் பேர் என்ன?"

அத்தை எழுந்து நின்றாள். மடியில் அரிசி. முகம் சிவந்தது. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"அத நான் சொல்லக் கூடாதுங்க."

"ஏன்?"

"கூடாதுங்க."

"பேர் தெரியாதா?"

"தெரியுமுங்க. ஆனா வாயால சொல்லக் கூடாது." தலைப்பை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

அந்த நாளில் எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண் வாயால் சொல்லக் கூடாத பேர் உலகத்திலேயே ஒன்றுதான். கமிட்டிக்காரர் வீட்டிலும் அதே வழக்கம்தான் இருந்திருக்கும். அவர் அண்டாவைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். மெதுவாகக் கையை அண்டாவிலிருந்து எடுத்துக்கொண்டார்.

வார்டன் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

அப்போது தெருக்கோடியில் கன்று கத்தியது. பால் கறக்கும் நேரம். வாசலில் நின்ற மாடு காதைத் தூக்கியது. ஒரு இழுப்பு. முளை பிடுங்கிக்கொண்டு வந்தது. மாடு கயிற்றையும் முளையையும் இழுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தது. அவசரப்படவில்லை. வழி தெரிந்த நடை.

"அம்மா, உங்கள் மாடு போகிறது!" என்று கமிட்டிக்காரர் கத்தினார்.

யாரும் அசையவில்லை.

"பிடியுங்கள்! யாராவது பிடியுங்கள்!"

தறிக்குழியிலிருந்து நைனா பேசினார். அன்றைக்கு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"போவட்டும் சாமி."

"எங்கே போகிறது?"

"அதோட வூட்டுக்கு."

கமிட்டிக்காரர் வாசலில் நின்று, மாடு தெருக்கோடி வரை போய்க் கோயிந்தன் வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்தார். திரும்பி வந்து தறி முன்னால் நின்றார். இப்போது அவர் குரல் மாறியிருந்தது.

"இந்தத் தறி?"

"மேஸ்திரியோடது."

"தறியில் இருக்கிற சேலை?"

"மேஸ்திரியோடது."

"வீடு?"

"வாடகை."

"அப்புறம் உங்களுடையது என்னதான் ஐயா இங்கே?"

நைனா யோசித்தார். அவரை யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"அந்த மொறம்" என்றார். "ரெண்டு சட்டி. அந்தக் கழிவு நூலு கூட மேஸ்திரிக்குத் திருப்பிக் குடுக்கணும்." பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "பொண்ணு. பையன். பையன் இப்பைக்கு எங்களுது. நீங்க சரின்னா உங்களுது."

அம்மா அடுப்படியில் பாத்திரத்தை உருட்டினாள். அழுகையை மறைக்க அவள் செய்வது அதுதான்.

கமிட்டிக்காரர் உட்காரலாம் என்று திரும்பினார். நாற்காலி இல்லை. குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று தெரிந்ததும் அத்தை வேலையை ஆரம்பித்துவிட்டாள். ஒரு நாற்காலியை வாசலுக்குக் கொண்டுபோய்விட்டாள். அடுத்ததற்கு வார்டன் எழுந்திருக்கக் காத்து நின்றாள். வார்டன் எழுந்தார். அதுவும் போயிற்று.

அதனால் எல்லோரும் நின்றபடியே பேசி முடித்தோம்.

கமிட்டிக்காரருக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. ஆந்திரா தனி ராஜ்யமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நகரி ஆந்திராவிலேயே இருக்குமா, மெட்ராஸ் பக்கம் போய்விடுமா என்று தினமும் பேச்சு. எங்கள் தெருச் சுவரிலேயே ஒரு பக்கம் தமிழில் எழுதியிருக்கும். இன்னொரு பக்கம் தெலுங்கில் எழுதியிருக்கும். நடுவில் வறட்டி.

"ஒன்று கேட்கிறேன்" என்றார். "எங்கள் விடுதி இந்த ராஜ்யத்துப் பிள்ளைகளுக்கு. நாளைக்கு உங்கள் ஊர் அந்தப் பக்கம் போய்விட்டால்?"

நைனா தறியில் கையை வைத்தார்.

"ஊரு எங்க போவும் சாமி? மாடா அது?"

வார்டன் அதற்கு மேல் அடக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கமிட்டிக்காரரும் சிரித்தார். சிரித்துவிட்டுக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார். தம்பியின் தோளில் கையை வைத்தார்.

"சாமான் ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள். இன்றைக்கே வா."

தம்பி கொடியில் கிடந்த ஒரு வேட்டியை எடுத்தான். அவ்வளவுதான் சாமான். கேசரி மிச்சம் இருந்தது. அம்மா இலையில் கட்டிக் கொடுத்தாள். எதிர் வீட்டு நெய் திருப்பதி போயிற்று.

அவர்கள் ஸ்டேஷனுக்கு நடந்து போவதைத் தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது. நானும் பார்த்தேன். தம்பி இருவருக்கும் நடுவில் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. நானாக இருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன். அந்த மாடு திரும்ப வந்துவிடுமோ என்ற பயம் இருந்திருக்கும்.

அலமேலு அத்தை கடைசியாகச் சேலையை வாங்க வந்தாள். மடித்துக் கொடுத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கவலைப்படாதேடி பாக்கியம். இது போனா இன்னொண்ணு வரும். ஆனாலும் இப்படி ஒரு அநியாயத்தை நான் பாத்ததில்ல. பொண்ணு பாக்க வந்துட்டு, பொண்ணு வேணாம்னு பையனை இட்டுகினு போயிட்டானுங்களே!"

எவ்வளவு சொல்லியும் அவள் நம்பவில்லை. கடைசிவரை நம்பவில்லை. எனக்கு இரண்டு வருஷம் கழித்துச் சாந்திபுரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பெண் பார்க்க வந்த அன்று அத்தை அதே அண்டாவோடு வந்தாள். முதல் வேலையாகத் தம்பி எங்கே என்று கேட்டாள். லீவில் வந்திருந்தான். அவனைக் கொல்லைப்பக்கத்து அறையில் போட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டாள்.

"இவனை முதல்ல ஒளிச்சு வெக்கணும். போன தடவை இவனைத்தான் தூக்கிகினு போனானுங்க."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க உள்ளே இருந்து தம்பி கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். என்ன சத்தம் என்று அவர் கேட்டார். மாடு என்று நைனா சொன்னார்.

தம்பி அந்த விடுதியில் நான்கு வருஷம் சாப்பிட்டான். பி.ஏ. முடித்தான். வாத்தியாரானான். இப்போது ரிடையர் ஆகி அதே கமிட்டியில் இருக்கிறான். பையன்களின் வீடுகளைப் பார்க்கிற வேலையை அவனே கேட்டு வாங்கிக்கொண்டானாம். வரதய்யபாளையம் பக்கம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான். போகிற வீட்டில் எது இருந்தாலும் வாயைத் திறக்க மாட்டானாம். வாசலில் மாடு நின்றால் மட்டும், பால் கறக்கும் நேரம் வரைக்கும் எழுந்திருக்க மாட்டானாம். மாடு தங்குகிறதா, கிளம்புகிறதா என்று பார்க்க.

கிளம்பினால் பையனுக்கு இடம் உறுதி.

எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை மனப்பாடம். யாராவது கடன் வாங்கி ஜம்பமாக ஏதாவது வாங்கி வந்தால், "போவட்டும் சாமி, அதோட வூட்டுக்கு" என்று நைனா குரலில் சொல்வார்கள். நைனாவைப் பார்க்காத பிள்ளைகள் கூடச் சரியாகச் சொல்கிறார்கள்.

இன்னும் ஒன்று எழுதிவிட்டு நிறுத்துகிறேன். தம்பி விடுதியில் சேர்ந்து முதல் லீவுக்கு வந்தான். கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. அம்மா சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்தான். சட்டியில் மிச்சம் இருந்தது. நான் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு என்னென்னவோ கேட்க இருந்தது. மன்னிப்பு என்றெல்லாம் எங்கள் வீட்டில் பேச்சு கிடையாது.

"வாரத்துல எத்தினி நாளுடா சோறு?" என்று மட்டும் கேட்டேன்.

அவன் சொன்னான்.

இன்றைக்கும் அவன் என் வீட்டுக்குள் நுழைந்தால் சௌக்கியமா என்று நான் கேட்பதில்லை. "எத்தினிடா?" என்பேன். பேரன் பேத்தி எடுத்தவன், செருப்பைக் கழற்றிக்கொண்டே பதில் சொல்வான்.

ஏழு.